ஜம்னாபாரி ஆடு: எங்கிருந்து வந்தது, எப்படிப்பட்டது, உங்கள் வளவுக்கு ஏற்றதா?

ஊருக்குத் திரும்பியதும் வீட்டைத் திருத்தவேண்டும், கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கவேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும். இத்தனை வேலைகளுக்கும் நடுவில் கையில் சிறிது காசு வரவும் ஒரு வழி வேண்டும். மாடு வாங்கப் பெரிய தொகை தேவை. தோட்டம் பலன் தர மாதங்கள் செல்லும். அதனால்தான் வாழ்வாதார உதவி பற்றிப் பேச வரும் குடும்பங்களில் பல, "எங்களுக்கு ஆடு தாருங்கள்" என்று கேட்கின்றன. அப்படிக் கேட்பவர்களில் சிலர் "ஜம்னாபாரி என்றால் நல்லது" என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

உயரமான உடல், தொங்கும் நீண்ட காது, வளைந்த மூக்கு உள்ள ஆடுகளை எங்கள் பகுதிகளில் ஜம்னாபாரி என்று அழைக்கிறோம். ஆனால் உண்மையான ஜம்னாபாரி, தான் பிறந்த ஊரிலேயே அரிதாகிவிட்ட ஓர் இனம். அது எப்படி உருவானது, ஏன் அரிதானது என்பதை அறிந்தால், உங்களுக்குக் கிடைக்கும் ஆட்டை எப்படி வைத்திருக்கவேண்டும் என்பதும் விளங்கும். வாங்குவதற்கு முன்னரோ, பயனாளிப் பட்டியலில் பெயர் கொடுப்பதற்கு முன்னரோ இதை ஒருமுறை வாசியுங்கள்.

பெயரும் பிறந்த இடமும்

வட இந்தியாவில் ஓடும் யமுனை ஆற்றை அங்குள்ள மக்கள் "ஜமுனா" என்பார்கள். "பார்" என்றால் அக்கரை. ஜமுனாவுக்கு அக்கரையிலிருந்து வந்த ஆடு என்பதால் இதற்கு ஜம்னாபாரி என்று பெயர் வந்தது. தமிழில் சிலர் யமுனாபாரி என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இதன் தாயகம் உத்தரப் பிரதேச மாநிலத்தின் எட்டாவா மாவட்டம். அதிலும் சக்கர்நகர் என்ற பகுதி. அங்கே யமுனை ஆறும் சம்பல் ஆறும் கிட்டக்கிட்ட ஓடுகின்றன. மழைநீர் பல நூறு ஆண்டுகளாக மண்ணை அரித்து, ஆழமான பள்ளங்களையும் செங்குத்தான மண்மேடுகளையும் உண்டாக்கியிருக்கிறது. அந்தப் பள்ளங்களில் நெல்லும் கோதுமையும் விளையாது. கருவேல், இலந்தை போன்ற முள்மரங்களும் பற்றைகளும்தான் வளரும்.

அந்த நிலத்துக்கு ஏற்றபடிதான் இந்த ஆடும் அமைந்தது. புல் குறைந்த இடத்தில் உயரத்தில் உள்ள குழையைத்தான் தின்னவேண்டும். நீண்ட கால்களும், பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று கிளையை இழுக்கும் பழக்கமும் அங்கே பயன்பட்டன. பயிர்ச்செய்கை குறைந்த அந்த ஊர்களில் குடும்பங்கள் ஆட்டுப்பாலை நம்பி இருந்தன. கூடப் பால் தரும் மறியை வைத்துக்கொண்டார்கள், நல்ல கிடாயைத் தேடிச் சேர்த்தார்கள். இப்படி நிலமும் மக்களின் தெரிவும் சேர்ந்து உருவாக்கிய இனம் இது.

கடல் கடந்த ஆடு

இந்த ஆட்டின் புகழ் பிறந்த மாவட்டத்தோடு நிற்கவில்லை. நீராவிக் கப்பல் காலத்தில், நெடுந்தூரம் போகும் கப்பல்களில் பயணிகளுக்குப் பால் கொடுப்பதற்காக ஆடுகளை ஏற்றிச் செல்வார்கள். அப்படி இந்தியாவிலிருந்தும் எகிப்துப் பக்கமிருந்தும் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த தொங்குகாது ஆடுகளை, அங்குள்ளவர்கள் தங்கள் நாட்டு ஆடுகளோடு கலந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதிலிருந்து ஆங்கிலோ நூபியன் என்ற பாலாட்டு இனம் உருவானது. இன்று பல நாடுகளில் வளர்க்கப்படும் அந்த இனத்தின் வளைந்த மூக்கும் தொங்கும் காதும் ஜம்னாபாரி உள்ளிட்ட கீழைத்தேச ஆடுகளிடமிருந்து வந்தவை.

இந்தோனேசியாவை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், எட்டாவா ஆடுகளை ஜாவாத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்குள்ள சிறிய ஆடுகளோடு கலந்து பிறந்த இனத்தை இன்றும் "பெரானாக்கான் எட்டாவா", அதாவது எட்டாவாவின் வழிவந்தது என்றுதான் அழைக்கிறார்கள். ஊர்ப்பெயரே ஆட்டின் பெயராக அங்கே நிலைத்துவிட்டது.

இலங்கைக்கும் ஜம்னாபாரி இந்தியாவிலிருந்தே வந்தது. அரச பண்ணைகளில் வளர்க்கப்பட்டு, ஊராடுகளின் உடலையும் பாலையும் கூட்டுவதற்காக அவற்றோடு கலக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் இன்று நாங்கள் காண்கின்ற "ஜம்னாபாரி"களில் பெரும்பாலானவை இப்படி வந்த கலப்பு ஆடுகள்தான். கலப்பு என்பதால் அவை குறைந்தவை என்று நினைக்கவேண்டாம். பல வீடுகளுக்குக் கலப்பு ஆடுதான் கூடுதலாகப் பொருந்தும். அதன் காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

சொந்த ஊரில் ஏன் அரிதானது?

இவ்வளவு நாடுகளுக்குப் போன ஆடு சொந்த ஊரில் ஏன் குறைந்தது? அது பெயர்பெற்றதும் ஒரு காரணம்.

நல்ல ஆடு வேண்டும் என்று வெளியிலிருந்து வந்த வியாபாரிகள், சக்கர்நகரில் இருந்த சிறந்த மறிகளையும் கிடாய்களையும் நல்ல விலை கொடுத்து வாங்கிப் போனார்கள். வறுமையில் இருந்த குடும்பங்கள் விற்றன. கிடாய்க்குட்டிகளை இறைச்சிக்காகச் சிறு வயதிலேயே விற்றதால், இனப்பெருக்கத்துக்கு நல்ல கிடாய் மிஞ்சுவது குறைந்தது. சுற்றியுள்ள பகுதிகளில் வேறு ஆடுகளோடு கலப்பும் நடந்தது. ஆற்றுப் பள்ளங்களைச் சமப்படுத்திப் பயிர்செய்யத் தொடங்கியதால் மேய்ச்சல் இடமும் சுருங்கியது.

இந்திய அரசு 1979ஆம் ஆண்டு மதுரா நகருக்குக் கிட்ட, மக்தூம் என்ற இடத்தில் மத்திய ஆட்டு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியது. அங்கே தூய ஜம்னாபாரி மந்தையை வைத்துக் காத்து, தெரிந்தெடுத்த கிடாய்களை வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். நூற்றாண்டுகளாக ஏழைக் குடும்பங்கள் தங்கள் கொட்டில்களில் காத்த இனத்தைக் காப்பாற்ற, பிறகு ஒரு நிறுவனமே தேவைப்பட்டது.

நல்ல மறிகள் ஒவ்வொன்றாகப் படலையைத் தாண்டிப் போனதால்தான் இனம் அருகியது. இந்தச் செய்தியை மனதில் வையுங்கள். கட்டுரையின் முடிவில் இதற்குத் திரும்பி வருவோம்.

எப்படி அடையாளம் காண்பது?

தூய ஜம்னாபாரியில் பின்வரும் அடையாளங்கள் ஒன்றாக இருக்கும்:

• மூக்குத்தண்டு நன்கு மேல்நோக்கி வளைந்து, பக்கவாட்டில் பார்த்தால் கிளியின் முகம் போலத் தெரியும்.
• காது தட்டையாக, நீளமாகக் கீழே தொங்கும். வளர்ந்த ஆட்டில் ஏறத்தாழ 25 முதல் 30 சென்றிமீற்றர் நீளம்.
• நிறம் பெரும்பாலும் வெள்ளை. முகம், காது, கழுத்துப் பகுதிகளில் மண்ணிறத் திட்டுகள் இருக்கலாம்.
• பின்தொடைகளில் நீண்ட மயிர் அடர்த்தியாகத் தொங்கும்.
• கால்கள் நீளம். தோள் வரையான உயரம் ஏறத்தாழ 75 முதல் 80 சென்றிமீற்றர். பெரிய கிடாய்கள் இதையும் தாண்டும்.
• மடி பெரிதாகவும், காம்புகள் நீண்டும் இருக்கும்.

காது மட்டும் நீளமாக இருப்பதைப் பார்த்து "முழு ஜம்னாபாரி" என்ற விலையைக் கொடுத்துவிடாதீர்கள். கலப்பு ஆட்டிலும் காது நீளமாக வரும். மூக்கின் வளைவு, உயரம், தொடை மயிர் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக மடியைப் பாருங்கள். பால் தருவது மடிதான்.

வயதை அறியக் கீழ்த்தாடையின் முன்பற்களைப் பாருங்கள். எல்லாம் சிறிய பாற்பற்களாக இருந்தால் ஒரு வயதுக்கு உட்பட்டது. நடுவில் இரண்டு பெரிய பற்கள் முளைத்திருந்தால் ஒரு வயதைத் தாண்டியது. நான்கு என்றால் ஏறத்தாழ இரண்டு வயது. எட்டும் முளைத்திருந்தால் நான்கு வயது அளவில் இருக்கும். பற்கள் தேய்ந்து, விலகி, விழுந்திருந்தால் கிழட்டு ஆடு. எவ்வளவு வடிவாக இருந்தாலும் வாங்கவேண்டாம்.

பாலும் குட்டியும்

நல்ல தீனி கிடைக்கும் தூய ஜம்னாபாரி மறி ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை பால் தரும். ஆறு மாதமளவு நீடிக்கும் ஒரு கறவைக் காலத்தில் சராசரியாக 200 லீற்றர் அளவு எதிர்பார்க்கலாம். கலப்பு ஆடு இதைவிடக் குறைவாகத் தரும். ஊராடு பெரும்பாலும் தன் குட்டிக்கு வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் தரும். இந்த அளவுகள் எல்லாம் தீனியைப் பொறுத்தவை. இரண்டு லீற்றர் தரும் இனத்தை வாங்கிக் காய்ந்த புல்லில் கட்டிவைத்தால் அரை லீற்றரும் வராது.

ஆட்டுப்பால் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் நல்ல உணவு. ஆனால் எந்தப் பாலையும் நன்றாகக் கொதிக்கக் காய்ச்சியே குடியுங்கள். பச்சைப் பாலால் சில காய்ச்சல்கள் மனிதருக்குத் தொற்றலாம்.

குட்டியைப் பொறுத்தவரை, இந்த இனம் பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும். இரட்டையும் கிடைக்கும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். முதற்குட்டி ஈனும்போது மறிக்கு 20 முதல் 25 மாதம் ஆகியிருக்கும். ஊராடு இதைவிட விரைவில் குட்டி போடும். எனவே இன்று ஒரு ஜம்னாபாரி மறிக்குட்டியைப் பெறுகின்ற குடும்பம், பால் காண ஏறத்தாழ ஒன்றரை வருடம் காத்திருக்கவேண்டி வரும். உடனே பால் தேவைப்படும் வீடு, சினைப்பட்ட மறியை அல்லது குட்டியோடு உள்ள மறியைக் கேட்பதே நல்லது.

இதன் பலவீனங்கள்

இந்த ஆடு வறண்ட நிலத்தில் உருவானது. எங்கள் மாரிகாலம் அதற்குப் பகை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும், குட்டிகளுக்குச் சளி கட்டி மூச்சு இழுக்கும். நீண்ட காதில் உண்ணி ஒட்டும், முட்கம்பியிலும் முள்ளிலும் கிழியும்.

நுளம்பு மூலம் பரவும் ஒரு வகைப் புழு ஆட்டின் முள்ளந்தண்டையும் மூளையையும் தாக்கும். திடீரெனப் பின்னங்கால் தள்ளாடும், ஆடு எழும்ப முடியாமல் விழும். ஊராடுகளைவிட வெளியிலிருந்து வந்த இனங்களுக்கும் கலப்பு ஆடுகளுக்கும் இது கூடுதலாக வரும். அறிகுறி தெரிந்த அன்றே கால்நடை வைத்தியரிடம் சொல்லுங்கள். பிந்தினால் ஆடு பிழைப்பது கடினம். பின்னேரங்களில் கொட்டிலருகே வேப்பிலைப் புகை போடுவதும், சுற்றியுள்ள தேங்கிய நீரை அகற்றுவதும் நுளம்பைக் குறைக்கும்.

பெரிய உடலுக்குப் பெரிய தீனி வேண்டும். வளர்ந்த ஒரு மறி நாளொன்றுக்கு நான்கு, ஐந்து கிலோ பச்சைக் குழை தின்னும். வளவில் மரமே இல்லாத குடும்பத்துக்கு இரண்டு ஜம்னாபாரி மறிகளைவிட இரண்டு ஊராடுகள் அல்லது கலப்பு ஆடுகள் நல்ல தெரிவு. கலப்பு ஆடு ஊராட்டின் தாங்கும் சக்தியில் பாதியையும் ஜம்னாபாரியின் பாலில் பாதியையும் கொண்டுவரும்.

உங்கள் வளவில் வைத்திருப்பது எப்படி?

முதலில் வேலியைப் பாருங்கள். ஆடு வருவதற்கு முன்பே, மாரி மழையோடு கிளிசரியா, பூவரசு, முள்முருக்கு கதியால்களை நட்டுவிடுங்கள். வேலியும் ஆகும், ஆட்டுக்குக் குழையும் ஆகும். கிளிசரியா மணத்தை முதலில் ஆடு விரும்பாது. வெட்டி ஒரு நாள் வாடவிட்டுக் கொடுத்தால் பழகிவிடும். இப்பில்இப்பில் குழையும் நல்லதுதான், ஆனால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். குழையை நிலத்தில் போடாமல் ஆட்டின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். நிமிர்ந்து தின்பது இந்த இனத்தின் பழக்கம். மிதிபட்ட குழையை அது தொடாது. பால் கறக்கும் மறிக்கு இதோடு தவிடும் கொஞ்சம் பிண்ணாக்கும் கொடுங்கள். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும்.

கொட்டிலின் தளத்தை நிலத்திலிருந்து இரண்டு, மூன்று அடி உயர்த்திக் கட்டுங்கள். பனஞ்சலாகைகளை இடைவெளி விட்டு அடித்தால் புழுக்கையும் சலமும் கீழே விழும். இடைவெளி ஒன்றரைச் சென்றிமீற்றருக்குக் கூடினால் குட்டியின் கால் சிக்கும். கூரைக்குத் தகரம் கிடைத்தால் அதன்மேல் கிடுகு அல்லது பனையோலை பரப்புங்கள். வெறும் தகரத்தின் கீழ் மத்தியான வெயிலில் ஆடு தவிக்கும். கீழே சேரும் புழுக்கை உங்கள் தோட்டத்துக்கு நல்ல பசளை.

பிறந்த குட்டிக்கு முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால் கொடுக்கவேண்டும். அதைக் கறந்து வீணாக்கவேண்டாம். குட்டியை நோயிலிருந்து காக்கும் சக்தி அதில்தான் இருக்கிறது.

கிடாய்க்கு விடும்போது ஒரு கவனம் தேவை. முதல்முறை சினைப்படும் சிறிய ஊராட்டு மறியைப் பெரிய ஜம்னாபாரிக் கிடாய்க்கு விடவேண்டாம். குட்டி பெரிதாகி, ஈனும்போது தாயும் குட்டியும் இறக்கலாம். ஒருமுறை ஈன்ற மறி என்றால் பயமில்லை. அதேபோல மகனையும் தாயையும், ஒரே கிடாயின் பிள்ளைகளையும் சேரவிடாதீர்கள். கிராமத்தில் 20 மறிகளுக்கு ஒரு நல்ல கிடாய் போதும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பக்கத்துக் கிராமத்துக் கிடாயோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

குழை வெட்டப் போகும்போது

இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஆட்டுக்காகக் கண்ணிவெடி அகற்றப்படாத காணிக்குள் ஒருவரும் போகவேண்டாம். மண்டையோட்டுப் படமுள்ள சிவப்புப் பலகைக்கோ, எச்சரிக்கை நாடாவுக்கோ அப்பால் எவ்வளவு பச்சையாகக் குழை தெரிந்தாலும் அது உங்களுக்கு வேண்டாம். அங்கே ஓடிப்போன ஆட்டைப் பின்தொடராதீர்கள். பிள்ளைகளை ஆடு மேய்க்கத் தனியே அனுப்பாதீர்கள். மேய்ச்சலுக்கு எந்த இடம் பாதுகாப்பானது என்று கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள். சந்தேகம் இருந்தால் ஆட்டைக் கட்டிவைத்தே வளருங்கள். ஜம்னாபாரி கொட்டிலில் நின்று குழை தின்னப் பழகும். ஆட்டை இன்னொன்று வாங்கலாம்.

மறிக்குட்டியை விற்பதற்கு முன்

முதல் வருடம் கடினமானது என்பதை நாங்கள் அறிவோம். கூரை ஒழுகும், பிள்ளைக்குச் சப்பாத்து வேண்டும், கடன்காரர் வருவார். அந்த நேரத்தில் படலையில் வியாபாரி வந்து நிற்பார். அவருடைய கண் உங்கள் கொட்டிலில் உள்ள மிகச் சிறந்த ஆட்டின் மேல்தான் விழும். சக்கர்நகரிலும் இப்படித்தான் நடந்தது.

விற்கவே வேண்டிவந்தால் இந்த ஒழுங்கில் யோசியுங்கள். முதலில் கிடாய்க்குட்டிகள். அடுத்து வயதான மறி. அதற்கடுத்து இரண்டு முறை விட்டும் சினைப்படாத மறி. கூடப் பால் தரும் மறியையும் அதன் மறிக்குட்டியையும் கடைசிவரை வைத்திருங்கள். கிடாய்க்குட்டிகளிலும் மிக நல்ல ஒன்றை, நல்ல தாயின் பிள்ளையை, விற்காமல் கிராமத்துக்கென்று வைத்திருக்க அயலவர்களோடு பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். எந்த மறி எப்போது ஈன்றது, எவ்வளவு பால் தந்தது என்பதைப் பிள்ளைகளின் பழைய கொப்பியில் எழுதிவையுங்கள். எது சிறந்த மறி என்று தெரிந்தால்தான் அதை விற்காமல் வைத்திருக்கலாம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். இரண்டு மறிகள் கிடைத்த வீட்டில் வருடத்துக்கு ஒரு மறிக்குட்டியை மட்டும் விற்காமல் வைத்தாலும், மூன்றாம் வருட முடிவில் ஐந்து மறிகள் நிற்கும். நல்ல மறியை முதல் மாதமே விற்ற வீட்டில் ஒரு தடவை செலவழித்த காசு மட்டும்தான்.

ஆடு பெற்றவுடன் உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சென்று பதிவுசெய்யுங்கள். பூச்சி மருந்து கொடுக்கவேண்டிய காலத்தையும், கால்வாய் நோய் போன்றவற்றுக்கான தடுப்பூசி பற்றியும் அங்கே கேளுங்கள். இதை வாசிக்க முடியாத அயலவருக்கும் வாசித்துச் சொல்லுங்கள். உங்கள் மறியின் அடுத்த கிடாய் அவருடைய கொட்டிலில்தான் பிறக்கக்கூடும்.